ஓய்வு பெறும் பயணிகள் விமானங்கள்

பயணிகள் விமானம் ஒன்று வழக்கமாக 20 முதல் 30 ஆண்டுகள் வரை சேவையில் இருக்கிறது. அதன் பிறகு அதை வேறொரு நிறுவனம் வாங்கலாம். சரக்கு விமானமாக மாற்றலாம். வறண்ட நிலப்பகுதி ஒன்றில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நிறுத்தி வைக்கலாம். அல்லது பிரித்து உதிரிபாகங்களாக விற்கலாம். விமானம் பறக்க முடியாத நிலையை அடைந்த பிறகே ஓய்வு பெறுகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், பிரிக்கப்படும் இடத்துக்குப் பெரும்பாலான விமானங்கள் தம் சொந்த எஞ்சின்களின் வலிமையிலேயே பறந்து செல்கின்றன. தொடர்ந்து பறக்க வைப்பதால் கிடைக்கும் வருமானத்தைவிடப் பிரித்து விற்றால் கிடைக்கும் தொகை கூடுதலாகும் நாளே, பெரும்பாலும், ஒரு விமானத்தின் கடைசி நாளாகிறது.

விமானத்தின் வயது

விமானத்தின் வயதை ஆண்டுகளில் மட்டும் கணக்கிடுவதில்லை. பறந்த மணிகள் எத்தனை, பறப்புச் சுற்றுகள் எத்தனை என்ற இரண்டு கணக்குகளும் அதற்குத் தேவை. ஒரு முறை மேலெழுந்து ஒரு முறை தரையிறங்குவது ஒரு பறப்புச் சுற்று. உயரே செல்லும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், பயணிகள் மூச்சு விடுவதற்காக உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. அப்போது விமானத்தின் உடற்பகுதி ஊதிய பலூன் போலச் சிறிதளவு விரிகிறது. இறங்கும்போது மீண்டும் சுருங்குகிறது. கம்பி ஒன்றைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் அது முறிவதைப் போல, இந்த விரிவும் சுருக்கமும் பல்லாயிரம் முறை நிகழும்போது ரிவெட் துளைகளின் ஓரங்களில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றுகின்றன. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

ஆகவே நெடுந்தூரம் பறக்கும் விமானத்தைவிடக் குறுந்தூரம் பறக்கும் விமானத்தின் உடல் விரைவில் முதுமை அடைகிறது. வடிவமைப்பாளர்களும் இதைக் கணக்கில் கொண்டே விமானத்தை உருவாக்குகின்றனர். தொடக்கக்கால போயிங் 747 விமானங்கள் 20,000 பறப்புச் சுற்றுகளை இலக்காகக் கொண்டு வடிவமைக்கப்பட்டன. குறுந்தூரப் பயணத்துக்கான போயிங் 737இன் இலக்கு 75,000 சுற்றுகள்.

இந்தக் கணக்கின் முக்கியத்துவத்தை உலகுக்கு உணர்த்தியது 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் நடந்த விபத்து. அலோஹா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 737 விமானம் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ 24,000 அடி உயரத்தில் அதன் கூரையில் சுமார் ஐந்தரை மீட்டர் நீளப் பகுதி பிய்த்துக்கொண்டு போயிற்று. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானிகள் திறந்த கூரையுடனேயே விமானத்தை மௌயி தீவில் இறக்கினர். விமானத்தின் வயது 19 ஆண்டுகள்தான். ஆனால் அது 89,680 சுற்றுகள் பறந்திருந்தது. பறந்த மொத்த நேரம் 35,496 மணி. அதாவது ஒரு பறப்புக்குச் சராசரியாக 24 நிமிடம். தீவுக்குத் தீவு தாவும் குறும்பயணங்களும் கடலின் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த உடலைத் தளர்த்தியிருந்தன.

இவ்விபத்துக்குப் பிறகு பழைய விமானங்களுக்கான ஆய்வு முறைகள் கடுமையாக்கப்பட்டன. 2010இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் கொண்டுவந்த விதி, ஒவ்வொரு விமான வகையும் எத்தனை சுற்றுகள், எத்தனை மணிகள் வரை பறக்கலாம் என்ற உச்சவரம்பை வகுக்குமாறு தயாரிப்பாளர்களைப் பணித்தது. எனினும் அந்த வரம்பைத் தொட்டு ஓய்வு பெறும் விமானங்கள் குறைவு. அதற்கு முன்பே பணக் கணக்கு குறுக்கிட்டுவிடுகிறது.

குறுக்கிடும் இடம் பெரும்பாலும் பெரும் பராமரிப்புச் சோதனை. ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விமானத்தின் இருக்கைகள், தரைப்பலகைகள், உட்சுவர்கள் அனைத்தையும் கழற்றி எலும்புக்கூடு வரை ஆராய வேண்டும். வாரக்கணக்கில் நீளும் இப்பணிக்குப் பல லட்சம் டாலர்கள் செலவாகும். புதிய விமானங்கள் குறைந்த எரிபொருளில் பறக்கும்போது, பழைய விமானத்துக்கு இத்தனை செலவு செய்வது தகுமா என்ற கேள்வி அப்போது எழுகிறது. இந்தச் சோதனை நெருங்கும் வேளையிலேயே பல விமானங்கள் ஓய்வு பெறுகின்றன.

பத்து வயதில் ஓய்வு பெற்ற ஏ380

வயதுக்கும் ஓய்வுக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு தளர்வானது என்பதற்கு உலகின் முதல் ஏ380 பயணிகள் விமானமே சான்று. ஈரடுக்கு கொண்ட இந்தப் பெரு விமானத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2007 அக்டோபர் 15 அன்று பெற்றது. பத்து நாள்கள் கழித்து அது சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு முதல் வணிகப் பயணத்தை மேற்கொண்டது. அந்தப் பயணத்துக்கான இருக்கைகள் இணையத்தில் ஏலம் விடப்பட்டு, தொகை அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது.

விமானத்தின் உரிமையாளர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அல்ல. ஜெர்மனியின் டாக்டர் பீட்டர்ஸ் குழுமம், சிறு முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணத்தில் விமானங்களை வாங்கிக் குத்தகைக்கு விட்டிருந்தது. பத்தாண்டுக் குத்தகை 2017இல் முடிந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை நீட்டிக்காமல், புதிய ஏ380 விமானங்களைத் தருவித்துக்கொண்டது. பழைய விமானம் பிரான்சின் தென்மேற்கில் உள்ள தார்ப் நகரத்துக்குப் பறந்தது. அதை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ தகுந்த நிறுவனம் கிடைக்கவில்லை. நான்கு எஞ்சின்களுக்கு எரிபொருள் ஊற்றி, நானூற்றுக்கும் மேற்பட்ட இருக்கைகளை நாள்தோறும் நிரப்பக்கூடிய நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. உட்புறத்தைப் புதிய நிறுவனத்தின் விருப்பப்படி மாற்றியமைக்கும் செலவும் மிகப் பெரிது. எஞ்சின்கள் கழற்றப்பட்டு ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 2018 ஜூனில், முதல் இரண்டு விமானங்களையும் பிரித்து விற்கப்போவதாக உரிமையாளர் அறிவித்தார்.

ஒரு விமானமாக விலைபோகாத பொருள் பாகங்களாக விலைபோயிற்று. பறந்துகொண்டிருந்த மற்ற ஏ380 விமானங்களுக்கு உதிரிபாகங்கள் தேவைப்பட்டதே காரணம்.

ஆனால் இதே வகை விமானங்களின் கதை பிறகு வேறுவிதமாகத் திரும்பியது. 2020இல் கொரோனா பெருந்தொற்றால் வானப் பயணம் நின்றபோது லுஃப்தான்சா தன் ஏ380 விமானங்களை ஒதுக்கி வைத்தது. அவை இனிப் பறக்கப்போவதில்லை என்றே பலரும் கருதினர். பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியதாலும் புதிய விமானங்கள் வந்து சேரத் தாமதமானதாலும், 2023இல் அந்நிறுவனம் அவற்றுள் சிலவற்றை மீண்டும் சேவைக்குக் கொண்டுவந்தது. எத்திகாட் நிறுவனமும் அவ்வாறே செய்தது. தார்ப் நகரில் வெட்டப்பட்ட விமானம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்திருந்தால் அதற்கும் வாய்ப்பு வந்திருக்குமோ என்று கேட்கலாம். ஆனால் காத்திருப்பதற்கும் வாடகை உண்டு.

வறண்ட நிலத்தில் காத்திருப்பு

நிறுத்தி வைக்கப்படும் விமானத்தின் முதல் எதிரி ஈரம். ஈரக்காற்றில் உலோகம் அரிக்கும். மின் இணைப்புகள் கெடும். துணியிலும் தோலிலும் பூஞ்சை படரும். எனவே மழை குறைந்த, காற்று வறண்ட இடங்களே விமானக் காப்பிடங்களாக உள்ளன. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மொகாவி, விக்டர்வில், அரிசோனாவின் மரானா, நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் ஆகியவை அறியப்பட்டவை. ஸ்பெயினில் தெருவேல், ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களும் இப்பணிக்குப் பெயர்பெற்றவை. ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் சிங்கப்பூரின் காற்றுக்கு அஞ்சி, 2020 ஏப்ரலில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் ஏ380 விமானங்களை ஆலிஸ் ஸ்பிரிங்சுக்கே அனுப்பியது. அமெரிக்கப் பாலைநிலங்களில் இன்னொரு வசதியும் உண்டு: தரை கெட்டியாக இருப்பதால் காங்கிரீட் தளம் இல்லாமலேயே விமானங்களை வரிசையாக நிறுத்த முடிகிறது.

இவ்விடங்களை இடுகாடு என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். அது பாதிப் பொருத்தமே. மீண்டும் பறக்கவேண்டிய விமானத்துக்கு அங்கே தொடர்ந்து பணிவிடை நடக்கிறது. எஞ்சின் வாய்களும் காற்றுத் துளைகளும் மூடப்படுகின்றன. சன்னல்கள் வெயில் புகாதபடி மறைக்கப்படுகின்றன. எஞ்சினுக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள் வைக்கப்படுகின்றன. விமானத்தின் எடை ஒரே இடத்தில் அழுத்தினால் டயர்கள் உருக்குலையும் என்பதால் சக்கரங்கள் அவ்வப்போது உருட்டப்படுகின்றன.

பூச்சிகளையும் கவனிக்க வேண்டும். வேகத்தை அளக்கும் மெல்லிய குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டினால் வேகமானி தவறான அளவைக் காட்டும். 2013இல் பிரிஸ்பேன் நகரில் எத்திகாட் ஏ330 விமானம் ஒன்றுக்கு இது நேர்ந்தது. அது ஓய்வு பெற்ற விமானம்கூட அல்ல. இரண்டு மணி நேரம் தரையில் நின்றிருந்தது, அவ்வளவே. அதற்குள் குளவி தன் வேலையை முடித்திருந்தது. மாதக்கணக்கில் நிற்கும் விமானத்தின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வாழ்வு

நல்ல நிலையில் உள்ள பழைய விமானங்களுக்குச் சரக்குப் போக்குவரத்து அடுத்த புகலிடம். சன்னல்கள் அடைக்கப்பட்டு, தரை வலுப்படுத்தப்பட்டு, பக்கவாட்டில் பெரிய கதவு ஒன்று பொருத்தப்படுகிறது. போயிங் 737, 757, 767, ஏர்பஸ் ஏ330 போன்றவை இவ்வாறு மாற்றப்படுகின்றன. சரக்கு விமானங்கள் பெரும்பாலும் நாளொன்றுக்குக் குறைந்த நேரமே பறப்பதால், எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் குறைந்த விலைக்கு வாங்கிய விமானம் அவற்றுக்குக் கட்டுபடியாகிறது. 1971 முதல் 747 விமானங்களை இயக்கிவந்த ஏர் இந்தியா, எஞ்சியிருந்தவற்றை விற்றுவிட்டது. அவற்றுள் ஒன்று 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டுச் சென்றது.

அரிதாகச் சில விமானங்கள் பறக்காமலேயே பயன் தருகின்றன. 1976இல் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்காகக் கட்டப்பட்ட 747 ஒன்று, ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டா விமான நிலையத்தில் 2009இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. சில தீயணைப்பு வீரர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் பயிற்சிக்கூடங்களாகின்றன. இவை படம் எடுப்பதற்கு அழகானவை. ஆனால் ஓய்வு பெறும் விமானங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

பிரித்தெடுத்தல்

குஜராத்தின் அலாங் கடற்கரையில் பழைய கப்பல்கள் உடைக்கப்படுவதைப் பலர் அறிந்திருப்பர். கப்பல் அங்கே பெரும்பாலும் எஃகின் எடைக்கு விற்கப்படுகிறது. விமானம் அப்படியல்ல. அதை எடைக்குப் போட்டால் கிடைப்பது அதன் மதிப்பில் சிறு துளிதான். கழற்றும் வரிசையும் இதனாலேயே கப்பலிலிருந்து வேறுபடுகிறது: அவசரமாக வெட்டுவதில்லை, புதிதாகப் பொருத்துவதுபோலவே கவனமாகக் கழற்றுகின்றனர்.

முதலில் எரிபொருள், எண்ணெய்கள், கழிப்பறைத் தொட்டிக் கழிவு ஆகியவை வெளியேற்றப்படுகின்றன. ஹைட்ராலிக் குழாய்களில் உள்ள திரவம் தோலையும் கண்ணையும் எரிக்கும் இயல்புடையது. சில பழைய 747 விமானங்களில் வால் பகுதியின் எடையைச் சமன்செய்யச் செறிவு குறைந்த யுரேனியக் கட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைத் தனியே அகற்ற வேண்டும். பின்னாளில் அவற்றுக்கு மாற்றாக டங்ஸ்டன் வந்தது.

அடுத்து எஞ்சின்கள். பழைய விமானத்தின் மதிப்பில் பாதிக்கும் மேல் அவற்றிலேயே அடங்கியிருக்கும். பிறகு சக்கர அமைப்பு, வால் பகுதியில் உள்ள துணை எஞ்சின், விமானி அறைக் கருவிகள், கணினிகள், அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவிகள், கதவுகள், இறக்கையின் அசையும் பகுதிகள் எனப் பல வாரங்கள் பணி நீளும். 747 ஒன்றில் ஏறத்தாழ 60 லட்சம் பாகங்கள் உண்டு. அவற்றில் பாதி ஆணி, திருகு போன்ற இணைப்பிகள். விற்பனைக்கு உதவுபவை இவற்றில் ஒரு சிறு பகுதியே.

எஞ்சின் சந்தையில் தட்டுப்பாடு ஏற்பட்டால் கணக்கு தலைகீழாகிறது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் புதிய வகை எஞ்சின்களில் பயன்படுத்தப்பட்ட உலோகத் தூளில் மாசு கலந்திருந்தது 2023இல் வெளிப்பட்டது. எஞ்சின்களை இறக்கிச் சோதிக்க வேண்டியிருந்ததால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன. இந்தியாவின் இண்டிகோவும் பாதிக்கப்பட்டது. நல்ல எஞ்சினின் விலையும் வாடகையும் ஏறியதால், பத்து ஆண்டுகள்கூட நிறையாத சில ஏ320நியோ விமானங்கள் எஞ்சினுக்காகவே பிரிக்கப்பட்டன. புது வீட்டைக் கதவுக்காக இடித்தது போன்ற செயல் இது.

காகிதத்தின் மதிப்பு

கழற்றிய பாகம் அப்படியே இன்னொரு விமானத்தில் ஏறிவிடாது. அனுமதி பெற்ற பணிமனை அதைச் சோதித்து, தேவையானால் பழுதுநீக்கி, சான்றிதழ் வழங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத பாகம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வெறும் உலோகத் துண்டு. எஞ்சினுக்குள் சுழலும் தட்டுகள் போன்றவற்றுக்கு விதி இன்னும் கடுமை. அவை குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சுற்றுகளுக்குப் பிறகு கட்டாயம் கழிக்கப்பட வேண்டியவை. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் முதல் எந்த விமானத்தில் எத்தனை சுற்று பறந்தன என்ற முழு வரலாறும் வேண்டும். நடுவில் ஓராண்டின் பதிவேடு காணாமற்போனாலும் அப்பாகத்தின் மதிப்பு சரிந்துவிடுகிறது. திவாலான நிறுவனங்களின் விமானங்களை மீட்கும் குத்தகை நிறுவனங்கள் விமானத்துக்கு இணையாகப் பதிவேடுகளையும் கேட்டு வாதாடுவது இதனால்தான்.

விதிகள் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1989 செப்டம்பர் 8 அன்று ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் சென்ற பார்ட்னேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் டென்மார்க் அருகே கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். அது சுழல்விசிறி கொண்ட பழைய விமானம். அதன் செங்குத்து வாலைப் பிணைத்திருந்த ஆணிகளுள் சில, உரிய வலிமையில்லாத போலிகள் என்று விசாரணையில் தெரியவந்தது.

அதன் பிறகும் போலிகள் ஒழியவில்லை. லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் பொய்ச் சான்றிதழ்களுடன் எஞ்சின் பாகங்களை விற்றுவந்தது 2023இல் அம்பலமானது. உலகில் மிகுதியாகப் பயன்படும் சிஎஃப்எம்56 வகை எஞ்சின்களில் அவை சேர்ந்திருந்தன. பல நாட்டு விமான நிறுவனங்கள் தம் எஞ்சின்களைத் தேடிப் பிடித்து இறக்கி, அப்பாகங்களை மாற்ற நேர்ந்தது. பழைய விமானம் பிரிக்கப்படும் இடத்தில் கழிக்கப்பட்ட பாகங்களை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி நொறுக்கிவிட வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இந்த அச்சத்தால்தான். நொறுக்காமல் காயலான் கடைக்குப் போகும் ஒரு துண்டு, சற்றே மெருகேறிப் புதிய தாளுடன் சந்தைக்குத் திரும்பி வரக்கூடும்.

எஞ்சிய கூடு

விலையுள்ளவை யாவும் கழற்றப்பட்ட பின் வெற்று உடற்பகுதி மட்டும் நிற்கும். பெரிய கத்தரி பொருத்திய பொக்லைன் இயந்திரங்கள் அதைச் சில நாள்களில் துண்டாக்கிவிடுகின்றன. பழைய வகை விமானங்களின் கட்டமைப்பில் பெரும்பகுதி அலுமினியம். தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு இருந்தால் பழையதை உருக்கிப் பயன்படுத்திவிடலாம். ஆனால் விமான அலுமினியம் தூய அலுமினியம் அல்ல. சில பகுதிகளில் செம்பு கலந்த உலோகக் கலவையும், சில பகுதிகளில் துத்தநாகம் கலந்ததும் பயன்படுகின்றன. இரண்டையும் ஒன்றாக உருக்கினால் கிடைப்பது இரண்டுக்குமே உதவாத கலவை. விமானத்துக்குத் திரும்பும் தகுதியை இழந்து, அது வாகனங்களின் வார்ப்புப் பாகங்கள் போன்றவற்றுக்கே செல்கிறது.

நீண்ட காலம் இத்தொழிலுக்கு ஒழுங்கான வழிமுறை இருக்கவில்லை. பல விமானங்கள் நிலையங்களின் ஓரத்திலேயே கைவிடப்பட்டன. 2005 முதல் 2007 வரை ஏர்பஸ் நிறுவனம் தார்ப் நகரில் ஏ300 விமானம் ஒன்றைச் சோதனைக்காகப் பிரித்தது. அதன் எடையில் சுமார் 85 விழுக்காட்டை மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ மீட்க முடியும் என்று அச்சோதனை காட்டியது. 2006இல் போயிங் உள்ளிட்ட நிறுவனங்கள் விமான மறுசுழற்சிக்கான சங்கம் ஒன்றை அமைத்து நடைமுறைகளை வகுத்தன.

மீளாமல் எஞ்சுவதில் இருக்கை நுரை, உட்சுவர்ப் பலகைகள் போன்றவை அடங்கும். இப்போது அவற்றோடு புதிதாக ஒன்று சேர்கிறது. 2011இல் சேவைக்கு வந்த போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ பாதியும், ஏர்பஸ் ஏ350இல் 53 விழுக்காடும் கார்பன் இழை முதலிய கூட்டுப்பொருள்கள். இவற்றை அலுமினியம் போல உருக்க முடியாது. காற்றில்லாமல் சூடாக்கிப் பிசினைச் சிதைத்து நீக்கி இழையைப் பிரிக்கலாம். ஆனால் நீண்ட இழைகள் துண்டுகளாகிவிடுவதால் பழைய வலிமை திரும்புவதில்லை. கார் பாகங்கள், மின்கருவிகளின் உறைகள் போன்றவற்றுக்கு அவை பயன்படும். முதல் 787 விமானங்களுக்கு 25 வயது நிறைவது 2030களின் நடுவில். அதற்குள் பெரிய அளவில், கட்டுபடியாகும் விலையில் இதைச் செய்யும் ஆலைகளை உருவாக்க வேண்டிய நிலையில் இத்தொழில் இருக்கிறது.